என் டெஸ்க்டாப்பில் இருப்பவையும் நான் தூக்கிப் போட்டவையும்

போன வாரம் பேரன் வந்திருந்தான். என் அறையில் இருக்கும் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு இரண்டு கேள்வி கேட்டான். "தாத்தா, இது இன்னும் ஓடுதா?" என்பது முதல் கேள்வி. "சி.பி.யூ.வை எதுக்கு ஸ்டூல் மேல ஏத்தி வச்சிருக்கீங்க?" என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு, "உங்கப்பா வாங்கின லேப்டாப் மூணு போயிடுச்சு, இது ஓடிக்கிட்டுதான் இருக்கு" என்றேன். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் நேரமாகும். அவனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

காலை நடையில் நண்பர்கள் அடிக்கடி கேட்பதற்கும் இதுவே பதில். "சார், நீங்கதான் கம்ப்யூட்டர்ல எழுதறீங்களே, என்னென்ன ஆப் வச்சிருக்கீங்க? எதைப் போட்டுக்கலாம்?" என்று கேட்பார்கள். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து அலுத்துப் போனேன். மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் 31 வருடம் ஸ்டோர்ஸில் இருந்தவன். ஸ்டோர்ஸ்காரனுக்கு ஒரு புத்தி உண்டு. சாமான் புதுசா பழசா என்று பார்க்கமாட்டான். எது எங்கே இருக்கிறது, ராத்திரி ஷிஃப்டில் கேட்டால் எடுத்துக் கொடுக்க முடியுமா, பின் கார்டில் எழுதியதும் அலமாரியில் இருப்பதும் ஒத்துப் போகிறதா என்றுதான் பார்ப்பான். கம்ப்யூட்டரையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். ஒரு மென்பொருளைப் போடுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்பேன்.

ஒன்று: இன்டர்நெட் இல்லாவிட்டாலும் வேலை செய்யுமா?

இரண்டு: மாதாமாதம் காசு, மொபைல் நம்பர், ஓ.டி.பி. என்று எதுவும் கேட்காமல் இருக்குமா?

மூன்று: நாளைக்கு இந்த மென்பொருளே இல்லாமல் போனாலும், இதில் நான் எழுதியதை வேறு ஒன்றில் திறந்து படிக்க முடியுமா?

முதல் இரண்டும் எல்லோருக்கும் புரியும். மூன்றாவதை ஒரு மனிதரை இழந்த பிறகுதான் நான் கற்றுக்கொண்டேன்.

டர்னர் அண்ணன்

எஸ்டேட்டில் எல்லோரும் அவரை டர்னர் அண்ணன் என்றே கூப்பிடுவோம். என்னைவிட ஆறு வயது பெரியவர். லேத்தில் நின்றால் கண்ணை மூடிக்கொண்டு அளவு சொல்வார். ஓய்வு பெற்றதும் அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு டி.டி.பி. சென்டருக்குப் போய், தன் மகன் வயதுப் பையன்களோடு உட்கார்ந்து தமிழ் டைப்பிங் கற்றுக்கொண்டார். ஒரு செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்கி, தன் பட்டறை வாழ்க்கையை 14 அத்தியாயங்களாக எழுதினார். 2005இல் அதை ஒரு சி.டி.யில் பதிந்து, ஸ்கெட்ச் பேனாவால் "பட்டறை" என்று எழுதி வைத்தார். புத்தகமாகப் போட வேண்டும் என்பார். கடைசி வரை போடவில்லை. 2021இல் போய்விட்டார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டிலேயே தண்ணீர் புகுந்து பல கம்பெனிகளில் மெஷின்கள் மூழ்கின. பட்டரவாக்கத்தில் அண்ணன் வீட்டிலும் முழங்கால் அளவு தண்ணீர். மேஜைக்குக் கீழே தரையில் இருந்த சி.பி.யூ. அதில் மூழ்கியது. ரிப்பேர்காரர் திறந்து பார்த்துவிட்டு ஹார்ட் டிஸ்க் தேறாது என்று சொல்லிவிட்டார். (என் சி.பி.யூ. ஸ்டூல் மேல் ஏறியது அதற்கு அடுத்த வாரம்.)

பீரோவின் மேல்தட்டில் இருந்த அந்த சி.டி. மட்டும் தப்பியது. அண்ணி அதை ஒரு மஞ்சப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "தம்பி, பசங்க லேப்டாப்ல இதைப் போட இடமே இல்லையாம். உங்ககிட்ட பழைய பெட்டி இருக்கே, அதுல பாருங்க" என்றார். 2012இல் ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்த என் பெட்டியில் டி.வி.டி. டிரைவ் இருக்கிறது. டெஸ்க்டாப் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் பதில் அதுதான்.

சி.டி. ஓடியது. 14 ஃபைல்களில் 12 திறந்தன. இரண்டு ஃபைல் எத்தனை முறை முயன்றும் வரவில்லை. வீட்டில் பதியும் சி.டி.யில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப் படலம்தான். வெயிலும் புழுக்கமும் பட்டால் அது கெட்டுப்போகும். கீறல் விழாவிட்டாலும் வயதாகும்.

திறந்த 12 ஃபைல்களிலும் தமிழே இல்லை. பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். அண்ணி என் முகத்தைப் பார்த்தார். "என்ன தம்பி, தண்ணி இதுக்குள்ளயும் போயிடுச்சா?" என்றார்.

தண்ணீர் போகவில்லை. அண்ணன் எழுதியது பாமினி எழுத்துருவில். அதில் "தமிழ்" என்ற சொல்லை அடித்தால், கம்ப்யூட்டர் உள்ளே சேமிப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும். பாமினி எழுத்துரு இருக்கும் பெட்டியில் அது "தமிழ்" என்று தெரியும். இல்லாத பெட்டியில் ஜேகேபிஓ அரைப்புள்ளிதான்.

அந்தக் காலத்தில் இப்படிப் பத்துப் பதினைந்து எழுத்துருக்கள் இருந்தன, ஒன்றுக்கொன்று ஒத்துவராது. ஒரே தெருவில் ஒவ்வொரு தபால்காரரும் தன் இஷ்டத்துக்குக் கதவு எண் போட்டால் எப்படி இருக்கும், அப்படி. இதைச் சரிசெய்யத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூட்டி, டாம், டாப் என்ற குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் அரசு தரமாக அறிவித்தார்கள். யூனிகோட் என்கிற ஒருங்குறியில் 1991 முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் விண்டோஸில் அது வந்தது விண்டோஸ் 2000இல்தான், லதா எழுத்துருவோடு. எக்ஸ்.பி.யில்கூடத் தமிழ் சரியாகத் தெரிய ஒரு கட்டத்தில் டிக் போட்டு, விண்டோஸ் சி.டி.யைப் போட்டால்தான் ஆச்சு. செகண்ட் ஹேண்ட் பெட்டி வாங்கியவரிடம் அந்த சி.டி. எங்கே இருக்கும்? டி.டி.பி. சென்டரில் எதைச் சொல்லிக் கொடுத்தார்களோ அதிலேயே அண்ணன் எழுதினார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

இனி என் பெட்டியில் இருப்பவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

தமிழ் எழுத

முதல் இடம் என்.எச்.எம். ரைட்டருக்கு. சென்னை நியூ ஹொரைசன் மீடியா பதிப்பகத்தார் இலவசமாகக் கொடுத்தது. மிகச் சின்ன மென்பொருள். எக்ஸ்.பி. காலத்தில் விண்டோஸ் சி.டி. இல்லாமலேயே தமிழைத் தெரியவைத்த புண்ணியம் இதற்கு உண்டு. தமிழ்99, ஆங்கில ஒலிவழி, பழைய தட்டச்சு, பாமினி எல்லா முறையிலும் அடிக்கலாம். உள்ளே சேமிப்பது ஒருங்குறியில். அதுதான் முக்கியம்.

இதற்கு முன்னும் பின்னும் பலர் உழைத்திருக்கிறார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் செய்தார். 2000இல் இருந்து பா. விஸ்வநாதன் அழகி மென்பொருளைக் கொடுத்து வருகிறார். முகுந்தும் தமிழா குழுவும் இ-கலப்பை கொடுத்தார்கள். நாம் இன்று தமிழில் வாட்ஸ்அப் அனுப்புகிறோம் என்றால் அது தானாக வந்துவிடவில்லை. இப்போது விண்டோஸிலேயே ஒலிவழித் தமிழும் தமிழ்99ம் வந்துவிட்டன. புதிதாக ஆரம்பிப்பவர்கள் வேறு எதையும் தேட வேண்டாம். செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் போதும்.

எதில் அடிப்பது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தட்டச்சு லோயர், ஹையர் பாஸ் செய்தவர்கள் பழைய தட்டச்சு முறையிலேயே அடியுங்கள், விரலுக்குப் பழகியதை மாற்ற வேண்டாம். மற்றவர்கள் ஒரு மாதம் கஷ்டப்பட்டுத் தமிழ்99 கற்றுக்கொள்ளுங்கள். இடது கைக்கு உயிரெழுத்து, வலது கைக்கு மெய். க, ப, ம, த, ந ஐந்தும் வலது கை நடு வரிசையிலேயே இருக்கின்றன. "தந்தை" என்பதற்கு த, ந, த, ஐ என்று நான்கு தட்டு போதும், புள்ளி தானாக விழும். அதையே ஆங்கில எழுத்தில் கூட்டினால் எட்டுத் தட்டு. விரல் மூட்டு வலிக்கிற வயதில் பாதி வேலை மிச்சம். அதைவிட, தமிழைத் தமிழாகவே நினைத்து அடிக்கிறோம் என்கிற திருப்தி.

எழுத்து மாற்றிகள்

அண்ணனின் ஃபைல்களுக்கு முதலில் பாமினி எழுத்துருவை என் பெட்டியில் போட்டேன். அடுத்த நிமிடம் திரையில் தமிழ் வந்தது. அண்ணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பத்தியைச் சத்தமாகப் படித்தார். பிறகு படிக்க முடியவில்லை. நான் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தேன்.

ஆனால் அதோடு நிறுத்தினால், அந்த எழுத்து என் பெட்டிக்குள்ளேயே அடைபட்டிருக்கும். பேரப் பிள்ளைகளின் போனில் மறுபடியும் ஜேகேபிஓதான். ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். என்.எச்.எம். கன்வர்ட்டர், அழகி பிளஸ், சுரதாவின் பொங்குதமிழ் என்று இதற்குப் பல மாற்றிகள் உண்டு. பழைய எழுத்தை ஒரு கட்டத்தில் ஒட்டி, பாமினி என்று தேர்ந்தெடுத்தால், பக்கத்துக் கட்டத்தில் ஒருங்குறித் தமிழ் வந்து நிற்கும்.

ஓர் எச்சரிக்கை. அண்ணன் நடுநடுவே ஆங்கிலத்தில் அடித்த சொற்களையும் மாற்றி தமிழ் என்றே நினைத்துக்கொள்ளும். எச்.எம்.டி. லேத் என்று எழுத, அந்த மூன்று எழுத்தை ஆங்கிலத்தில் அடித்திருந்தார். மாற்றிய பிறகு "ர்ஆவு லேத்" என்று வந்தது. ஒரு நாள் முழுக்க ர்ஆவு என்றால் என்ன மெஷின் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஆகவே மாற்றியபின் மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகச் சரிபார்க்க வேண்டும். 12 அத்தியாயத்துக்கு எனக்கு ஐந்து வாரம் ஆனது.

லிப்ரே ஆபீஸ்

அண்ணனின் பழைய வேர்ட் ஃபைல்களைத் திறந்தது இதுதான். 2010இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்த இலவசத் தொகுப்பு. எழுத, கணக்குப் போட, பி.டி.எஃப். எடுக்க எல்லாம் உண்டு. இதன் ஃபைல் வடிவம் யாருடைய ரகசியமும் இல்லை. எப்படிச் சேமிக்கிறது என்று வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள். நாளைக்கு இவர்கள் கடையை மூடினாலும் வேறொருவர் திறக்க வழி செய்யலாம். மாதச் சந்தா கட்டும் ஆபீஸ் தொகுப்பை நான் குறை சொல்லவில்லை, மகன் அதில்தான் வேலை செய்கிறான். ஆனால் பென்ஷன்காரனுக்குச் சந்தா என்பது மறந்துபோகிற ஒரு தேதி. மறந்தால் என் எழுத்தை நானே திருத்த முடியாது என்கிற நிலைமை எனக்கு வேண்டாம்.

இன்னும் எளிய வழியும் உண்டு. விண்டோஸில் இருக்கும் நோட்பேடில் வெறும் எழுத்தாக ஒரு பிரதி வைத்துக்கொள்வது. அலங்காரம் இருக்காது, ஆனால் எந்தக் கம்ப்யூட்டரும் எந்தப் போனும் திறக்கும். என் ஒவ்வொரு கட்டுரைக்கும் அப்படி ஒரு பிரதி உண்டு.

எவ்ரிதிங்

பெயரே அதுதான். ஃபைல் தேடும் மென்பொருள். ஸ்டோர்ஸ்காரனுக்கு இதைவிடப் பிடித்தது எதுவும் இருக்க முடியாது. விண்டோஸில் தேடினால் பச்சைக் கோடு நகர்ந்துகொண்டே இருக்கும், அதற்குள் காபி ஆறிவிடும். இதில் "பட்டா" என்று அடிக்கும்போதே பட்டா சம்பந்தப்பட்ட ஃபைல்கள் எல்லாம் வந்து நிற்கும். காரணம் எளிது. விண்டோஸ் டிஸ்க்கில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று ஒரு பேரேடு வைத்திருக்கிறது. மற்றவை அலமாரி அலமாரியாகத் தேடும்போது, எவ்ரிதிங் அந்தப் பேரேட்டை நேராகப் படிக்கிறது. எங்கள் பின் கார்டு முறையேதான். ஆனால் பின் கார்டில் ஒழுங்காகப் பெயர் எழுதியிருக்க வேண்டும். ஃபைலுக்கு "நியூ 1", "நியூ 2" என்று பெயர் வைப்பவர்களுக்கு எந்த மென்பொருளும் உதவாது. வருடம், விஷயம் இரண்டையும் தமிழிலேயே வையுங்கள், தேடினால் கிடைக்கும்.

இர்ஃபான்வியூ

படம் பார்க்க. போஸ்னியாவில் பிறந்த இர்ஃபான் ஸ்கில்ஜான் 1996இல் எழுதித் தன் பெயரையே வைத்தார். சொந்த உபயோகத்துக்கு இலவசம். ஏதாவது விண்ணப்பத்துக்கு "போட்டோ 50 கே.பி.க்குள் இருக்க வேண்டும்" என்று சொன்னால் பிரவுசிங் சென்டருக்கு ஓடுகிறோம் அல்லவா? இதில் கன்ட்ரோலும் ஆர் எழுத்தும் சேர்த்து அழுத்தி அளவைக் குறைத்து, சேமிக்கும்போது தரத்தையும் கொஞ்சம் குறைத்தால் வேலை முடிந்தது. பேரன் காதுகுத்துப் படம் முந்நூறையும் ஒரே தடவையில் பெயர் மாற்றி அடுக்கிவிடும்.

வி.எல்.சி.

ஆரஞ்சு நிறச் சாலைக் கூம்பு படம் போட்டது. பாரிஸில் கல்லூரி மாணவர்கள் 1996இல் ஆரம்பித்த வேலை. கல்யாண வி.சி.டி.யிலிருந்து போன் வீடியோ வரைக்கும் எதையும் ஓட்டும். 2022இல் இதன் இணையதளத்தை நம் நாட்டில் திறக்க முடியாமல் முடக்கி வைத்திருந்தார்கள், அந்த வருட நவம்பரில்தான் தடை நீங்கியது. அந்த மாதங்களிலும் என் பெட்டியில் இருந்த வி.எல்.சி. பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. முதல் கேள்வியை நான் ஏன் கேட்கிறேன் என்று இப்போது புரிந்திருக்கும். பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற ஆடாசிட்டி வைத்திருக்கிறேன். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

படத்திலிருந்து எழுத்து

என் மூன்று கேள்வியிலும் ஒன்றில் தோற்றாலும் நான் உபயோகிப்பது இது ஒன்றுதான். அண்ணனின் சி.டி.யில் திறக்காத இரண்டு அத்தியாயங்களில் ஒன்றின் பிரிண்ட் அவர் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. 19 பக்கம். மறுபடி டைப் செய்ய என் தோள்பட்டை இடம் கொடுக்கவில்லை. ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திற என்று சொன்னால், படத்திலிருக்கும் தமிழை எழுத்தாக மாற்றிக் கொடுக்கிறது. நெட் இல்லாமல் செய்ய டெசராக்ட் என்று ஒன்று உண்டு. எச்.பி. கம்பெனியில் 1980களில் பிறந்து 2005இல் பொதுவுக்கு வந்தது, தமிழும் படிக்கும். இரண்டிலும் போட்டுப் பார்த்தேன். அந்த மங்கிய பிரிண்டுக்கு கூகுள்தான் பரவாயில்லை. ஆனாலும் ணகரமும் னகரமும், காலும் ரகரமும் மாறி மாறி வந்தன. 19 பக்கத்தைத் திருத்த நான்கு நாள். டைப் அடித்திருந்தால் இரண்டு வாரம்.

ஒன்று மட்டும் சொல்வேன். பேங்க் பாஸ்புக், ஆதார், பத்திரம் இவற்றை இப்படி ஏற்றாதீர்கள். கதை, கட்டுரை, பழைய கடிதம் மட்டும் போதும்.

கண்ணுக்கு

இதற்கு எதையும் போட வேண்டாம், விண்டோஸிலேயே இருக்கிறது. விண்டோஸ் பட்டனையும் கூட்டல் குறியையும் சேர்த்து அழுத்தினால் பூதக்கண்ணாடி வரும். கண்புரை ஆபரேஷனுக்கு முன் எட்டு மாதம் இதை வைத்துத்தான் ஓட்டினேன். பிரவுசரில் கன்ட்ரோலும் கூட்டலும் அழுத்தினாலே எழுத்துப் பெரிதாகும்.

தூக்கிப் போட்டவை

"உங்கள் கம்ப்யூட்டரில் 1,247 பிழைகள்" என்று சிவப்பில் பயமுறுத்தும் சுத்தம் செய்யும் மென்பொருட்கள். முதலில் அதைச் சுத்தம் செய்தேன். விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பே எனக்குப் போதுமாக இருக்கிறது.

அடுத்தது, தூரத்திலிருந்து நம் பெட்டியை இயக்கும் மென்பொருள். அது கெட்ட சாமான் இல்லை, மகன் வெளியூரிலிருந்து ரிப்பேர் பார்க்க வசதிதான். ஆனால் ஒரு நாள் மத்தியானம், பேங்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவர், "சார், உங்க கே.ஒய்.சி. முடியுது, அந்த ஆப்பைத் திறந்து ஒன்பது நம்பரை மட்டும் சொல்லுங்க" என்றார். ரொம்ப மரியாதையான குரல். நான் ஆறு நம்பர் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரி சமையலறையிலிருந்து வந்து, "என்னங்க, யாருக்கு என்ன நம்பர் படிக்கிறீங்க?" என்று கேட்டபடியே சுவரில் இருந்த சுவிட்சை அணைத்துவிட்டாள். 31 வருடம் கையெழுத்தில்லாமல் ஒரு போல்ட்டைக்கூட வெளியே விடாதவன் நான். அன்றே அந்த மென்பொருளை எடுத்துவிட்டேன். மகன் வரும்போது ரிப்பேர் பார்த்துக்கொள்கிறான். யாருக்காவது இப்படிப் பணம் போயிருந்தால் வெட்கப்படாமல் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

மென்பொருளை இறக்கும்போதும் ஜாக்கிரதை. தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம். "டவுன்லோட்" என்று பெரிய பச்சைப் பட்டன் நாலு இருந்தால், மூன்று வேறு எதையோ இறக்கும். செய்தவரின் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் எடுங்கள். சந்தேகம் இருந்தால் பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கிண்டல் செய்வார்கள், செய்யட்டும்.

என் பெட்டி விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14இல் நிறுத்திவிட்டார்கள். விண்டோஸ் 11 இந்தப் பழைய பெட்டியில் ஏறாது. அதனால் பேங்க் வேலை எதையும் இதில் செய்வதில்லை. எழுத்து, படம், பாட்டு மட்டும். அடுத்ததாக லினக்ஸ் மின்ட் போட்டுத் தருவதாக மகன் சொல்லியிருக்கிறான். லிப்ரே ஆபீஸும் வி.எல்.சி.யும் அதிலும் ஓடும். எவ்ரிதிங்கையும் இர்ஃபான்வியூவையும்தான் பிரிய வேண்டியிருக்கும். பரவாயில்லை, என் எழுத்தும் படங்களும் என்னோடு வரும். மூன்றாவது கேள்வியின் பலன் அதுதான்.

பிரதி

எந்த மென்பொருளும் செய்யாத வேலை ஒன்று பாக்கி. எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, பூந்தமல்லியில் மகள் வீட்டுப் பீரோவில் வைத்திருக்கிறேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதிதாக எழுதியதைச் சேர்த்துவிடுவேன். ஒரே வீட்டில் இரண்டு பிரதி இருந்தால் அது ஒரு பிரதிதான். 2015இலும் 2023இலும் தண்ணீர் அதை நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது.

கடைசியாக ஒன்று. கம்ப்யூட்டரில் எழுதுவது எதற்கு, நோட்டுப் புத்தகம் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். நோட்டும் நல்லதுதான். ஆனால் அண்ணன் எழுதியது அவர் ஒருவர் கதை மட்டும் இல்லை. ஷிஃப்ட் சங்கு ஊதும்போது எஸ்டேட் ரோட்டில் சைக்கிள்கள் எப்படிப் போகும், மைக்ரோமீட்டரை மேஸ்திரி ஏன் கர்ச்சீப்பில் சுற்றி வைப்பார், சம்பள நாளன்று கேட்டுக்கு வெளியே யார் யார் நிற்பார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நம் பக்கத்தைப் பற்றி இதையெல்லாம் வேறு யார் எழுதப் போகிறார்கள்? எழுதியவர்கள் கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சமும் ஜேகேபிஓவாகப் பீரோவில் கிடந்தால் எப்படி?

உங்களிடமோ, உங்கள் அண்ணன், மாமா, சித்தப்பாவிடமோ 2010க்கு முன்னால் தமிழில் டைப் செய்த ஃபைல் ஏதாவது இருந்தால், இந்த வாரமே திறந்து பாருங்கள். சங்க மலர், கோயில் கணக்கு, கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் சரி. ஆங்கில எழுத்தாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள், அழிக்காதீர்கள். அது தமிழ்தான்.

அண்ணனின் 13 அத்தியாயங்களையும் ஓ.டி.யில் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டு, அண்ணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பொருளடக்கத்தில் 14 தலைப்பும் இருக்கின்றன. கடைசித் தலைப்பு "கதவடைப்பு". அண்ணி அந்த வரியில் விரலை வைத்து, "இதுல என்ன எழுதியிருந்தாரு, தம்பி?" என்று கேட்டார்.

அந்தக் கதவடைப்பில் நானும் அவரோடு வெளியே நின்றவன்தான். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அவர் அதை எப்படி எழுதினார் என்று தெரியாது. அதைத்தான் சொன்னேன்.